பிள்ளைகளோடு சேர்ந்து பலகாரம் செய்வோம்: இலையுதிர்காலக் குசினிக்குச் சில குறிப்புகள்



செப்ரெம்பர் மாதம் முடியும்போது இங்கே ஒன்ராறியோவில் மேப்பிள் மரங்கள் நிறம் மாறத் தொடங்குகின்றன. அதே காலத்தில்தான் நமது வீடுகளிலும் விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நவராத்திரி, வாணி விழா, ஒக்ரோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையில் தாங்ஸ்கிவிங் என்னும் நன்றி நவிலல் நாள், 31ஆம் திகதி ஹலோவீன், அதற்குச் சற்று முன்போ பின்போ தீபாவளி. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குள் இத்தனையும் வந்து போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு இனிப்பும் கூடவே வருகிறது.

"பிள்ளைகள் குசினிக்குள் வந்தால் வேலை கெட்டுப்போகும்" என்று சொல்லி, அவர்களைத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் தனியே நின்று பலகாரம் சுடுகிறோம். அல்லது கடையில் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கிறோம். இரண்டிலும் பிள்ளைக்குக் கிடைப்பது சாப்பிடும் வேலை மட்டுமே. ஒரு பலகாரத்துக்குள் எவ்வளவு சீனி போகிறது, எவ்வளவு எண்ணெய் போகிறது என்பது அதற்குத் தெரியாமலே போகிறது.

இந்த இதழில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்த விழாக் காலத்தில் உங்கள் பிள்ளையைக் குசினிக்குள் அழையுங்கள். ஆனால் கொதிக்கும் எண்ணெய்த் தாச்சிக்குப் பக்கத்தில் அல்ல; மேசைக்கு அழையுங்கள். அளப்பதும் பிசைவதும் உருட்டுவதும் அவர்களின் வேலையாகட்டும்.

ஏன் இது நமக்கு முக்கியம்?

நமது சமூகத்தில் நீரிழிவு இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து அதிகம் என்பதும், மற்றவர்களைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த உடல் எடையிலுமே அது வந்துவிடுகிறது என்பதும் வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட உண்மைகள். என் தகப்பனாருக்கு நாற்பத்தைந்து வயதிலேயே வந்தது. கடைசிக் காலத்தில் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்யப் போய் வந்தார். தாதியாக வேலை செய்யும் எனக்கு, அந்த வரிசையில் இருக்கும் நம்மவர் முகங்கள் புதியவை அல்ல.

இதற்காக விழாக்களில் இனிப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. மோதகம் இல்லாத விழாவை நானும் விரும்பமாட்டேன். ஆனால் எவ்வளவு என்பதைப் பிள்ளை தன் கையால் அளந்து பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சீனியிலிருந்து வரும் சக்தி, ஒரு நாளின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்க இதய சங்கம் 2016இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொன்னது: சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும். அதாவது சுமார் ஆறு தேக்கரண்டி. இரண்டு வயதுக்குக் கீழே சேர்க்கும் சீனியே வேண்டாம்.

ஒரு தேக்கரண்டி சீனி என்பது ஏறக்குறைய 4 கிராம். அடுத்த தடவை பலகாரம் செய்யும்போது, ஆறு தேக்கரண்டி சீனியை ஒரு சிறிய கிண்ணத்தில் போட்டுப் பிள்ளைக்குக் காட்டுங்கள். "இவ்வளவுதான் ஒரு நாளைக்கு" என்று சொல்லுங்கள். பிறகு சோடாப் போத்தலின் பின்புறத்தை அவர்களே திருப்பிப் பார்ப்பார்கள். பத்து தடவை புத்திமதி சொல்வதைவிட இந்த ஒரு கிண்ணம் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

இன்னொரு விடயம். "நான் சீனி போடுவதில்லை, சர்க்கரைதான், பனங்கட்டிதான், தேன்தான்" என்று பலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சுவையில் வேறுபாடு உண்டு. ஆனால் இரத்தத்துக்குள் போனபின் இவையும் சீனிதான். அளவைக் குறைத்தால்தான் பயன். பெயரை மாற்றுவதால் அல்ல. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கொடுக்கக் கூடாது. பொட்டுலிசம் என்னும் கடுமையான நோய் வரக்கூடும்.

செய்த கை சாப்பிடும்

என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது வாணி விழாவுக்குப் போயிருந்தோம். தட்டில் கொடுத்த கடலைச் சுண்டலை அவள் தொடவே இல்லை. "இது பெரியாக்களின்ர சாப்பாடு" என்று தட்டை என்னிடம் தள்ளிவிட்டாள். எனக்குக் கவலையாக இருந்தது. அடுத்த வருடம் நவராத்திரிக்கு வீட்டில் சுண்டல் செய்யும்போது, கடலையை ஊறப் போடும் வேலையை அவளிடமே கொடுத்தேன். இரவு ஒரு கோப்பை கடலையை அளந்து தண்ணீர் விட்டு வைத்தாள். காலையில் எழும்பி ஓடிவந்து பார்த்தபோது கிண்ணம் நிறைந்திருந்தது. "அம்மா, இது வளர்ந்திட்டுது!" என்றாள். அன்று தேங்காய்ப்பூ தூவியதும் தேசிக்காய் பிழிந்ததும் அவள்தான். வந்தவர்கள் எல்லோருக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைசியில் தானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டாள்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே தடவையில் இப்படி மாறிவிட மாட்டார்கள். ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளச் சில பிள்ளைகளுக்குப் பத்து, பதினைந்து தடவைகூடத் தேவைப்படலாம். என் மகன் பூசணிக்காயைப் பல வருடங்களாகப் பிசைந்தான், துருவினான், விதை எடுத்தான். ஆனால் வாயில் வைக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இப்போது பதின்ம வயதில் தானே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பெற்றோருக்குச் சொன்ன ஒரு விதி எனக்குப் பிடித்தமானது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். "ஒரு வாய், அம்மம்மாவுக்காக ஒரு வாய்" என்று கெஞ்சிப் பழகிய நமக்கு இது கடினம்தான். ஆனால் முயன்று பாருங்கள்.

2019 ஜனவரியில் கனடாவின் உணவு வழிகாட்டி புதுப்பிக்கப்பட்டபோது, என்ன சாப்பிடுவது என்பதோடு எப்படிச் சாப்பிடுவது என்பதும் அதில் சேர்ந்தது. வீட்டில் அடிக்கடி சமையுங்கள், மற்றவர்களோடு சேர்ந்திருந்து சாப்பிடுங்கள் என்று அது சொல்கிறது. ஊரில் நமது பாட்டிமார் சொல்லாமலே செய்த காரியம் இது.

எந்த வயதுக்கு எந்த வேலை?

ஒவ்வொரு பிள்ளையும் வேறு. உங்கள் பிள்ளையின் பொறுமையையும் கையின் பழக்கத்தையும் நீங்களே அறிவீர்கள். பொதுவாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

2 முதல் 3 வயது: அப்பிள் கழுவுதல், கறிவேப்பிலை உருவுதல், ஆறிய மாவையோ பயற்றையோ அகப்பையால் கிண்டுதல்.

4 முதல் 5 வயது: கோப்பையால் அளத்தல், அவித்த பூசணியை மசித்தல், உருண்டை பிடித்தல், எண்ணி அடுக்குதல்.

6 முதல் 8 வயது: தேங்காய்ப்பூ கலத்தல், முட்டை உடைத்தல், மெதுவான பழங்களை மொட்டைக் கத்தியால் வெட்டுதல், செய்முறையை வாசித்துச் சொல்லுதல்.

9 முதல் 12 வயது: பக்கத்தில் ஒருவர் நிற்க, தோல் சீவுதல், கத்தியால் வெட்டுதல், ஓவனின் வெப்பத்தையும் நேரத்தையும் சரிசெய்தல்.

13 வயதுக்கு மேல்: பெரியவர் வீட்டில் இருக்க, அடுப்பில் சமைத்தல். ஆழ எண்ணெயில் பொரிப்பதைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. நாளை பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தனியே இருக்கப்போகும் மகனுக்கும் ஒரு சுண்டலும் ஒரு பருப்பும் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்: பூசணி மோதகம்

ஒக்ரோபரில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் பூசணிக்காய் குவிந்திருக்கும். முகம் செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காய் நார்த்தன்மையும் தண்ணீரும் கூடியது, சுவை குறைவு. சமைப்பதற்குச் சிறிய, பாரமான காயை வாங்குங்கள். செதுக்கி வாசலில் பல நாள் வைத்த காயை ஒருபோதும் சமைக்க வேண்டாம். பூசணியின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை நமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்கும் தோலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது தேவை.

தேவையானவை (சுமார் 20 மோதகத்துக்கு):
வறுத்த அரிசி மா 2 கோப்பை
வறுத்து உடைத்த பயறு அரைக் கோப்பை
துருவிய பூசணி 1 கோப்பை
தேங்காய்ப்பூ அரைக் கோப்பை
தூளாக்கிய சர்க்கரை கால் கோப்பை
ஏலப்பொடி, உப்பு சிறிதளவு
நன்கு கொதித்த தண்ணீர், மா குழையும் அளவுக்கு

செய்முறை: பயற்றைக் குழையாமல் அவித்து வடித்துக்கொள்ளுங்கள். துருவிய பூசணியைத் தாச்சியில் இட்டுத் தண்ணீர் வற்றும்வரை கிண்டுங்கள். தண்ணீர் வற்றாவிட்டால் மோதகம் அவியும்போது வெடித்துவிடும். பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பூ, ஏலப்பொடி சேர்த்து இறக்கி ஆறவிடுங்கள். அரிசி மாவில் உப்பும் கொதிநீரும் விட்டு அகப்பைக் காம்பால் கிண்டுவது பெரியவரின் வேலை. மா கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் பிள்ளைகளிடம் கொடுங்கள். பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, கிண்ணம்போல் குழித்து, உள்ளே ஒரு தேக்கரண்டி உள்ளீடு வைத்து மூடட்டும். நீராவியில் 12 முதல் 15 நிமிடம் அவித்தால் போதும். நீராவி சுடும் என்பதால் மூடியைத் திறப்பதும் பெரியவரே.

என் அம்மா இதே அளவுக்கு ஒரு கோப்பை சர்க்கரை போடுவார். பூசணியிலேயே இயற்கையான இனிப்பு இருப்பதால் கால் கோப்பையே போதுமாக இருக்கிறது. இப்படிச் செய்தால் ஒரு மோதகத்தில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட சர்க்கரையே இருக்கும். எண்ணெய் அறவே இல்லை. பிள்ளைகள் பிடிக்கும் மோதகம் கோணலாகத்தான் வரும். அதைத் திருத்தாதீர்கள். அவர்கள் பிடித்த கோணல் மோதகத்தை அவர்களே தேடி எடுத்துச் சாப்பிடுவார்கள்.

அப்பிள் கிரம்பிள்

மக்கின்ரொஷ் அப்பிள் நமது ஒன்ராறியோவுக்குச் சொந்தமானது. 1811ஆம் ஆண்டில் ஜோன் மக்கின்ரொஷ் என்ற விவசாயி டண்டெலா என்ற ஊரில் காடு வெட்டும்போது கண்டெடுத்த கன்றுகளிலிருந்துதான் அந்த இனம் பரவியது. இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே, இலையுதிர்காலத்தில் பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போய்ப் பறித்துவந்த அப்பிளில் இதைச் செய்யலாம். தாங்ஸ்கிவிங் விருந்துக்குக் கடையில் வாங்கும் பைக்குப் பதிலாக இது நல்லது.

ஆறு அப்பிளைத் தோலோடு துண்டுகளாக வெட்டி, ஒரு தேக்கரண்டி கறுவாப்பொடியும் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறும் கலந்து தட்டில் பரப்புங்கள். ஒரு கோப்பை ஓட்ஸ், அரைக் கோப்பை கோதுமை மா, கால் கோப்பை பழுப்புச் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, மூன்றில் ஒரு கோப்பை குளிர்ந்த பட்டர் ஆகியவற்றைப் பிள்ளைகள் விரல் நுனியால் உதிரியாகத் தேய்க்கட்டும். புட்டு மா குழைப்பது போன்ற வேலைதான். அதை அப்பிளின் மேல் தூவி, 350 பாகை பரன்ஹைட் சூட்டில் 40 முதல் 45 நிமிடம் ஓவனில் வையுங்கள். எட்டுப் பேருக்குப் போதும். ஒருவருக்குச் சேர்த்த சீனி சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி. தோலில்தான் நார்ச்சத்து கூட இருப்பதால் சீவ வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பச்சைக் கோதுமை மாவைப் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். மா தயாரிக்கும்போது கிருமிகள் கொல்லப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2017இலும் கனடாவில் பலர் ஈ-கோலை கிருமியால் நோயுற்றபோது, அதற்குக் காரணம் கோதுமை மா என்று கண்டுபிடிக்கப்பட்டு மா பைகள் திரும்பப் பெறப்பட்டன. பச்சை முட்டை சேர்ந்த கேக் மாவுக்கும் இதே விதிதான். வெந்தபின் சுவை பார்க்கலாம்; கிண்ணத்தை நக்க வேண்டாம்.

கடலைச் சுண்டல்

அவித்த கடலை ஒரு கோப்பையில் ஏறக்குறைய 14 கிராம் புரதமும் 12 கிராம் நார்ச்சத்தும் உண்டு. இறைச்சி சாப்பிடாத விரத நாட்களில் வளரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சிற்றுண்டி இல்லை. இரவு ஊறவைப்பதும், மறுநாள் தேங்காய்ப்பூ, மல்லியிலை, துருவிய கரட், தேசிக்காய்ச் சாறு கலப்பதும் பிள்ளைகளின் பங்கு. கடுகும் செத்தல் மிளகாயும் தாளிப்பது உங்கள் பங்கு. ரின்னில் வரும் கடலையைப் பாவிப்பவர்கள் அதை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் உப்பின் அளவு குறையும். சின்னக் குழந்தைகளுக்குக் கடலையை மசித்தே கொடுங்கள்.

படைத்த பின் ஒரு வார்த்தை: சுண்டலும் மோதகமும் கொலுவின் முன்னால் நாள் முழுவதும் இருக்கக் கூடாது. சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமிகள் பெருகும். தேங்காய்ப்பூ சேர்ந்தது இன்னும் விரைவில் கெடும். படையலுக்குச் சிறிதளவு வைத்துவிட்டு மிகுதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

தீபாவளியும் எண்ணெய்த் தாச்சியும்

தீபாவளி என்றால் முறுக்கு இல்லாமல் முடியாது. இதில் நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, முறுக்குச் சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஏறி நின்று பார்க்க விட்டேன். தாச்சியின் கைபிடி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் இறங்கும்போது சட்டைக் கை அதில் கொழுவியது. தாச்சி கவிழவில்லை, ஆனால் எண்ணெய் தளும்பி அவன் முன்கையில் பட்டது. என் அம்மா பற்பசை எடுக்க ஓடினார். நான் அவனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடினேன். சிறிய தழும்போடு தப்பினோம். எத்தனையோ தீக்காயங்களுக்கு மருந்து கட்டிய எனக்கே அன்று அந்தக் கைபிடி கண்ணில் படவில்லை.

பொரிக்கும் எண்ணெய் 180 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கும். பிள்ளையின் தோல் நமது தோலைவிட மெல்லியது. ஆகவே எங்கள் வீட்டில் இப்போதைய ஒழுங்கு இதுதான்:

1. அடுப்பைச் சுற்றி மூன்று அடி தூரத்துக்கு நிறநாடா ஒட்டியிருக்கிறோம். பொரிக்கும்போது பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது.

2. முறுக்கு மா பிசைவதும், உரலில் அடைத்துக் கடதாசியில் பிழிவதும் சாப்பாட்டு மேசையில் நடக்கும். அங்கிருந்து எடுத்துப் பொரிப்பவர் ஒரே ஒரு பெரியவர்.

3. தாச்சி பின் அடுப்பில் இருக்கும். கைபிடி உள்ளே திரும்பியிருக்கும். பொருத்தமான மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

4. புது உடுப்பு, பட்டுப் பாவாடை, தாவணி எல்லாம் சமையல் முடிந்த பின். பலகாரம் செய்யும்போது இறுக்கமான பருத்தி உடுப்பு. தலைமயிர் கட்டியிருக்க வேண்டும்.

5. பொரிக்கும்போது தொலைபேசி வந்தால் எடுப்பதில்லை. எடுக்கத்தான் வேண்டுமென்றால் அடுப்பை நிறுத்திவிட்டு எடுப்போம்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ மேலெழுந்து பரவும். முடிந்தால் அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தீ அடங்காவிட்டால் எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

சுட்டுவிட்டால், குழாயிலிருந்து ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, பட்டர், மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டாலோ, பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயமானாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒவ்வாமையும் தொண்டையில் சிக்குதலும்

கனடாவில் உணவுப் பொதிகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் கச்சான், கஜு போன்ற கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, எள்ளு, கடுகு ஆகியனவும் அடங்கும். எள்ளும் கடுகும் நமது குசினியின் அன்றாடப் பொருட்கள் என்பதைக் கவனியுங்கள். எள்ளுருண்டையையும் கஜு போட்ட லட்டையும் வகுப்பு நண்பர்களுக்குக் கொடுத்தனுப்புமுன் ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் கேளுங்கள். "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கச்சான், கஜு, பூசணி விதை, கடினமான அப்பிள் துண்டு, கல்போன்ற சீடை எதுவும் வேண்டாம். தொண்டையில் சிக்கிவிடும். அப்பிளைத் துருவியோ அவித்தோ கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு மோதகம் செய்து மிஞ்சிய பூசணி விதையைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் மிளகுத்தூளும் பிரட்டி 325 பாகை பரன்ஹைட் சூட்டில் 15 முதல் 20 நிமிடம் வறுத்துக் கொடுக்கலாம். ஹலோவீன் மிட்டாய்ப் பைக்கு நடுவில் ஒரு நல்ல மாற்று.

பேத்திக்கு அகப்பை, பாட்டிக்குப் பேச்சு

கடைசியாக ஒன்று. பாட்டிமாரையும் தாத்தாமாரையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். குளிர் தொடங்கினால் பலர் வீட்டுக்குள்ளேயே அடைந்து விடுகிறார்கள். பேச ஆளில்லாத தனிமையும் உடல்நலக் குறைவுக்கு ஒரு காரணம். பிசை, உருட்டு, கிள்ளு, குழி, அவி, வறு, தாளி என்று ஒரு மோதகம் செய்து முடிப்பதற்குள் எத்தனை தமிழ்ச் சொற்கள் பிள்ளையின் காதில் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

சென்ற நவராத்திரிக்கு என் மகள் மோதகம் செய்தாள். ஆறிய பின் ஒரு தட்டில் இரண்டை மட்டும் வைத்து அம்மாவிடம் கொண்டுபோனாள். அம்மாவுக்கும் இப்போது நீரிழிவு. "அம்மம்மா, இதில சர்க்கரை ஒண்டேகால் கரண்டிதான். நான் அளந்து பார்த்தனான். மாவும் இருக்கு, அதனால இண்டைக்குச் சோறு கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடுங்கோ" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே எடுத்தார். நான் பல வருடங்களாகச் சொல்லிக் கேட்காதவர், அன்று பேத்தி சொன்னதைக் கேட்டார்.

இந்த விழாக் காலத்தில் உங்கள் குசினி மேசையில் மா சிந்தட்டும். துடைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் நவராத்திரி, தாங்ஸ்கிவிங், தீபாவளி நல்வாழ்த்துக்கள். நலமோடு இருங்கள்.